ஈறு நிற நகம்

அந்த வீட்டில் மூடி போட்ட எதையும் மாப்பிள்ளை திறக்கமாட்டார். ஜாம் பாட்டில், ஜன்னல் கொண்டி, மருந்து டப்பா எல்லாமே மகள் பொறுப்பு. அவளுக்கு ஏழாவது மாதம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, பாட்டிலை அக்குளில் இடுக்கி, பல்லைக் கடித்து ஒரு திருகு திருகி, திறந்ததைக் கணவன் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார், மேடையில் கோப்பை வாங்குகிறவர்போல.

ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் முதல் நாள் இதைப் பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுநாளும் பார்த்தார். கண்ணாடியில் கோளாறு இல்லை.

“என்னம்மா இது? உன் புருஷன் கை என்ன பீங்கானா?”

“பீங்கான் உடைஞ்சா ஒட்டிக்கலாம்ப்பா. அவருக்கு வலது கை நகம் உடைஞ்சா பொழப்பே போச்சு. கிதார் வாசிக்கிறது நகத்துலதான்.”

“நகத்துலயா? விரல் எதுக்கு இருக்கு?”

“நகத்தைப் பிடிச்சுக்கிறதுக்கு.”

மாமனார் பல்செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பேர் சிரித்தால் அது அவருடைய சிரிப்பு. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கக்கூடியதைத்தான் வேலை என்று ஒப்புக்கொள்வார். மாப்பிள்ளை செய்வது காற்றில் போகிற சமாசாரம். அதிலும் நிரந்தரமாக ஓர் இடத்தில் இல்லை. யார் கூப்பிட்டாலும் போவார், எதைக் கேட்டாலும் வாசிப்பார். ‘மாப்பிள்ளை என்ன பண்றார்?’ என்று ஊரில் கேட்டால் இத்தனை நாளும் மாமனார் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

இந்த முறை சும்மா வரவில்லை. மருத்துவமனை ஸ்டோரில் பொறுப்பாளராக இருக்கும் பழைய சிநேகிதரிடம் சொல்லி ஒரு வேலை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பஞ்சு, பேண்டேஜ், ஊசி வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தால் போதும்.

வந்த அன்று மாலையே விஷயத்தைப் போட்டு உடைத்தார். மாப்பிள்ளை மறுத்துப் பேசவில்லை. அவர் எதற்குமே மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை. அதுவும் மாமனாருக்கு ஒரு குறை.

“வெள்ளிக்கிழமை ஒரு ரெக்கார்டிங் இருக்கு மாமா. ஒரு நாடகக் கம்பெனிக்கு. இத்தனை வருஷமும் நாப்பது பேர் நடுவுல நாப்பத்தொண்ணாவது ஆளா வாசிச்சிருக்கேன். இதுல திரை விலகுறப்ப கிதார் மட்டும்தான். வேற யாரும் கிடையாது. அது நல்லா வந்தா வருஷம் முழுக்க அவங்க நாடகம் எல்லாத்துக்கும் நான்தான்னு இசையமைப்பாளர் அம்மா சொல்லியிருக்காங்க.”

“நல்லா வரலேன்னா?”

“திங்கட்கிழமை ஸ்டோருக்கு வந்துடறேன்.”

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கையில் உருளைக்கிழங்கும் கத்தியும் இருந்தன. எட்டிப் பார்த்ததில் கத்திதான் முதலில் தெரிந்தது.

“அப்பா, ஒரு நாள் அவர்கூடப் போய்ட்டு வாங்க. அப்புறம் ஸ்டோரைப் பத்திப் பேசலாம்.”

“நான் எதுக்கும்மா? எனக்குப் பாட்டு, தாளம் ஒண்ணும் தெரியாது.”

“வேலைன்னா தெரியும்ல? அதைப் பார்த்துட்டு வாங்க.”

மறுநாள் காலையில் மழை. மாப்பிள்ளை கிதார்ப் பெட்டிக்கு ரெயின்கோட் போட்டார். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பஸ் மாறி ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார்கள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தூக்கி இறக்கும் உடற்பயிற்சிக்கு மாப்பிள்ளை வாசிக்க வேண்டும். சின்ன வேலைதானே என்று மாமனார் நினைத்தார். பிறகுதான் கவனித்தார்: மாப்பிள்ளை கம்பியைப் பார்க்கவேயில்லை. மூலையில் இருந்த, கை நடுங்குகிற ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மேலே போய்ச் சேரும்வரை பாட்டு காத்திருந்தது. சேர்ந்ததும் இறங்கியது. பெரியவர், எல்லோரும் தன் வேகத்துக்குத்தான் ஆடுகிறார்கள் என்று நினைத்து மிடுக்காகச் சுற்றிப் பார்த்தார்.

மதியம் ஒரு ஸ்டுடியோ. தரை ஓடு ஒட்டுகிற பசைக்கு விளம்பரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர், “சார், இன்னும் கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லாயிருக்கும்” என்றார். மாப்பிள்ளை கெட்டியாக வாசித்தார். “இப்ப ரொம்பக் காஞ்சிடுச்சு” என்றார் அவர். மாப்பிள்ளை முகம் மாறாமல் ஈரமாக வாசித்தார். மாமனாரிடமும் இதே தொனியில் ஆட்கள் வந்து நின்றிருக்கிறார்கள்: ‘பல்லு கொஞ்சம் சாந்தமா இருக்கணும்.’ அவர்களை அவர் திட்டி அனுப்பியிருக்கிறார்.

மாலை ஒரு கல்யாண வரவேற்பு. மணப்பெண்ணின் மாமா ஒருவர் மேடை ஏறி, ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு அதை நாலு சுருதியில் பாடினார். அவர் எந்தச் சுருதிக்குத் தாவினாலும் மாப்பிள்ளை அங்கே முன்பே போய் உட்கார்ந்திருந்தார். கைதட்டல் மாமாவுக்கு.

திரும்பும் பஸ்ஸில் மாமனார் கேட்டார்.

“இதெல்லாம் யார்கிட்ட மாப்ளே கத்துக்கிட்டீங்க?”

“ஒருத்தர்கிட்டேன்னு சொல்ல முடியாது மாமா. எங்கம்மாவோட தையல் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். துணி திரும்புற இடத்துல ஒரு நிமிஷம் நின்னு, மறுபடியும் கிளம்பும். அந்தக் கிளம்புறதுதான் என்னோட வலது கை. பக்கத்து வீட்ல ஒரு கப்பல்காரர் இருந்தார். அவர் கிதார்ல மூணு கம்பிதான் மிச்சம். மூணுலயே எல்லாத்தையும் வாசிப்பார். ஆறு கம்பி இருக்கிற கிதாரைப் பார்த்தப்ப, இவ்வளவு எதுக்குன்னு இருந்துச்சு எனக்கு.”

“அப்புறம்?”

“சலூன் ரேடியோ. மழை வந்தா பாட்டு பாதியில வெட்டிடும். மீதியை நானே போட்டுப்பேன். பெரியவனானப்புறம் முழுப் பாட்டையும் கேட்டேன். பல இடத்துல நான் போட்டதுதான் மாமா நல்லாயிருந்துச்சு.” சொல்லிவிட்டு, தலைக்கனம் வந்துவிட்டதோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்புறம் பிரார்த்தனைக் கூடத்துல ஒரு டீச்சர். தப்பா வாசிச்சா பாட்டுப் புத்தகத்தாலயே தலையில ஒண்ணு வைப்பாங்க. தாளத்தோடதான் வைப்பாங்க.”

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகு, இவரோடு சிரித்துவிட்டோமே என்று சங்கடமாக இருந்தது. பஸ்ஸின் இரும்புக் கம்பியை விரல் முட்டியால் தட்டினார். அது அவர் பழக்கம். பல் அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் இறுகிவிட்டதா என்று தட்டித்தான் பார்க்க வேண்டும். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. அப்படித் தட்டித் தட்டி, கதவு, மேசை, சுவர், தர்பூசணி என்று எதைப் பார்த்தாலும் தட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டிருந்தார்.

நல்ல உழைப்பாளிதான் என்று மனசு சொன்னது. உழைப்பாளிக்கு ஒரு நாற்காலி இருந்தால் தப்பா என்றும் அதே மனசு கேட்டது.

வியாழக்கிழமை மதியம் அது நடந்தது.

கீழ்வீட்டு அம்மாளுக்குப் பல்செட்டில் விரிசல். மாமனார் பயணத்திலும் தொழில் பெட்டியை விடாதவர் என்பது அதற்குள் அந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. மாடிப்படி ஏறி வந்த அந்த அம்மாள் பல்லைக் கையில் கொடுத்துவிட்டு, பாதி புரிகிற மாதிரி நன்றி சொல்லிவிட்டுப் போனார். மாமனார் பால்கனியில் கடை விரித்தார். ஈறு நிறப் பவுடர் டப்பாவை எடுத்தார். மூடி வரவில்லை. பவுடரோடு கலக்கிற திரவம் போன தடவை சிந்தி விளிம்பில் கல்லாக இறுகிக் கிடந்தது. மூட்டு வலி பிடித்த விரல்களால் திருகிப் பார்த்தார். மூடி அசையவில்லை.

மகள் குளித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அறையில் நாளைக்கு வாசிக்க வேண்டியதை வாசித்துக்கொண்டிருந்தார்.

“மாப்ளே, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க.”

யோசிக்காமல் வந்த வார்த்தை. நாற்பது வருஷமாகப் பக்கத்தில் யார் நின்றாலும் அவர் சொல்கிற வார்த்தை. கிதார் நின்றது. மாப்பிள்ளை வெளியே வந்தார். டப்பாவைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், மூடியிருந்த குளியலறைக் கதவைப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து மாமனார் அவரிடம் கேட்ட முதல் உதவி அது.

வாங்கித் திருகினார். ‘சடக்’ என்று ஒரு சத்தம்.

“திறந்துடுச்சு மாமா” என்று டப்பாவை நீட்டினார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து வலது கை மோதிர விரலைப் பார்த்தார். நகம் சதை வரைக்கும் போயிருந்தது. சாவுச் செய்தி வந்த தந்தியை இரண்டாம் முறை படிக்கிறவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலையில் துண்டோடு வந்த மகளுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

“யார் திறக்கச் சொன்னா?”

பால்கனியில் டப்பா வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

“மத்த விரலால சமாளிக்க முடியாதா?” என்றார் மாமனார் மெதுவாக.

“நாளைக்கு வாசிக்கிறது முழுக்க நாலு விரலும் மாத்தி மாத்தி உருட்டுறதுப்பா. மழை விடாம பெய்யற மாதிரி கேக்கணும். நாலுல ஒண்ணு இல்லேன்னா மழை நொண்டும்.”

“தள்ளிப் போட முடியாதா?”

“இன்னொருத்தரைக் கூப்பிட்டுடுவாங்க மாமா. தப்பு சொல்ல முடியாது. இப்படி வேற ஆள் தவற விட்ட வேலை எத்தனையோ எனக்கு வந்திருக்கு” என்றார் மாப்பிள்ளை.

மகள் அப்பாவின் எதிரில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்ப்பா. வேணும்னே பண்ணீங்களா?”

“ஐயோ, இல்லம்மா! கைப்பழக்கத்துல கேட்டுட்டேன்!”

“சரி. எப்படியோ, நீங்க நினைச்சது நடந்துடுச்சு. திங்கட்கிழமை ஸ்டோர்ல நாற்காலி ரெடியா இருக்கும்ல?”

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு பொய் சொல்லாமல், ஒரு சண்டை போடாமல், ஒரு மூடியைத் திறந்ததில் கிடைத்துவிட்டது. சும்மா பால்கனியில் உட்கார்ந்து கீழ்வீட்டு அம்மாளின் பல்லை ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும், மற்றது தானாக நடக்கும். உட்கார்ந்தார். பவுடரைக் கிண்ணத்தில் கொட்டினார். மழை மறுபடியும் பிடித்தது. உள்ளே மாப்பிள்ளை மூன்று விரலால் உருட்டிப் பார்ப்பது கேட்டது. நொண்டியது. பாட்டு தாளம் தெரியாத அவருக்கே தெரிந்தது நொண்டுகிறது என்று. அதுதான் தப்பாகப் போயிற்று. தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாகப் பல்லை ஒட்டி முடித்திருப்பார்.

கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“மாப்ளே, விரலை எடுத்துட்டு இங்க வாங்க.”

“விரலை எடுத்துட்டா?”

“கையோட சேர்த்துத்தான். வாங்க.”

காபிக் கோப்பையில், பல்லுக்கு அளவெடுக்கிற அச்சுப் பசையைக் குழைத்தார். மோதிர விரலை அதில் முக்கி, “அசையாதீங்க, எச்சில் முழுங்கலாம்” என்றார், பழக்க தோஷத்தில். பசை இறுகியதும் விரலை உருவி, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றினார். ஈரக் காற்றில் பிளாஸ்டர் இறுகுவேனா என்றது. கேஸ் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் முட்டியால் தட்டிக்கொண்டேயிருந்தார். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. தொப், தொப்... தொப். மகள் ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். யாரும் சாப்பிடவில்லை என்பதால் அவளே எல்லாவற்றையும் சாப்பிட்டாள். தட், தட்... தட். கடைசியில் டிங், டிங்... டிங். கோப்பையில் இருந்த அச்சை உடைத்தால் உள்ளே வெள்ளையாக மாப்பிள்ளையின் விரல்.

நடுவிரல் நகத்தைப் பார்த்துப் பார்த்து, அந்த வெள்ளை விரலின்மேல் மெழுகில் ஒரு நகம் செதுக்கினார். அதற்கு ஓர் அச்சு எடுத்து, மெழுகை உருக்கி வழித்துவிட்டு, பவுடரும் திரவமும் கலந்த மாவை அந்த இடத்தில் அடைத்து, இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினார். வீடெல்லாம் மூக்கைத் துளைக்கும் வாசனை. எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டியிருந்தது. மகள்தான் திறந்தாள்.

“ஒரு விஷயம் மாப்ளே. வெள்ளைப் பவுடரை ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன். இது ஈறு கலர்.”

“மைக்குக்குக் கண்ணு கிடையாது மாமா.”

வெளியே வந்த நகம் ரோஸ் நிறத்தில் பளபளத்தது. பசை போட்டு ஒட்டினார்கள். மாப்பிள்ளை வாசித்தார். ஒரே ஒரு வரி. நிறுத்தினார்.

“தட்டு மேல ஸ்பூன் விழற மாதிரி இருக்கு மாமா.”

“புதுப் பல்லு போட்டவங்க எல்லாருமே இதைத்தான் சொல்வாங்க. பேசினா டக்குடக்குங்குதும்பாங்க. போகப் போகப் பழகிடும்னு அனுப்பிடுவேன்.”

“எனக்குப் போகப் போகன்னு ஒண்ணு இல்லையே மாமா. காலையில போகணும்.”

மாமனார் உப்புத்தாளை எடுத்தார். தேய்த்தார். மாப்பிள்ளை அதே வரியை வாசித்தார். மறுபடி தேய்த்தார். மறுபடி அதே வரி. எத்தனை முறை என்று யாரும் எண்ணவில்லை. மாமனார் கவனித்தது வேறு: ஒவ்வொரு முறையும் அந்த ஆள் முதல் தடவை வாசிப்பதுபோலவே வாசித்தார். அலுப்பு இல்லை, முனகல் இல்லை. கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, தன் கையையே வேறு யாருடையதோ போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பொருத்திப் பார்த்து, கழற்றி, ராவி, மறுபடி பொருத்திப் பார்க்கும்போது தன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று மாமனாருக்குத் தோன்றியது. அந்த முகத்தை இதுவரை அவர் வெளியிலிருந்து பார்த்ததில்லை.

“கட்டைவிரலுக்கு அடுத்து வர்ற சத்தம் இன்னும் தடிமனா இருக்கு” என்றார் திடீரென்று.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். “கரெக்ட் மாமா. அதுதான் மோதிர விரல்.”

“ஓரத்துல இல்ல, நடுவுலதான் எடுக்கணும். குடுங்க.”

எடுத்தார். மாப்பிள்ளை வாசித்தார். இந்த முறை ஒரு வரியோடு நிறுத்தவில்லை. மழை விழுந்தது; நிதானமாக, இடைவெளி இல்லாமல், ஒரு துளியும் மற்றதைவிடப் பெரிதாக இல்லாமல். அதற்குள்ளே கட்டைவிரலில் ஒரு தையல் மெஷின் நின்று நின்று கிளம்பியது. வெளியேயும் மழை பெய்துகொண்டிருந்தது. எது எங்கே முடிகிறது என்று மாமனாருக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மகள் வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். “அப்பா, கீழ்வீட்டம்மா பல்லைக் கேட்டு ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டாங்க. சாப்பாடு ஆறுதாம்.”

“அவங்களைக் கஞ்சி குடிக்கச் சொல்லு” என்றார், திரும்பாமல்.

வெள்ளிக்கிழமை காலை மாமனாரும் ஸ்டுடியோவுக்குப் போனார். கையில் உப்புத்தாள், பசை, அவசரத்துக்கு இன்னொரு ஈறு நிற நகம். இசையமைப்பாளர் அம்மாள் கண்டிப்பானவர். சிரிப்பைச் செலவு செய்யாதவர். மாப்பிள்ளையின் விரலைப் பார்த்தார்.

“என்ன இது?”

“பல்செட்ம்மா” என்றார் மாப்பிள்ளை.

ஏதோ கேட்கப் போனவர், கேட்காமல் மாமனாரோடு கண்ணாடி அறைக்குள் வந்து உட்கார்ந்தார். ஒலிப்பதிவுக்காரர் கையை உயர்த்தினார். அந்தப் பக்கம் மாப்பிள்ளை தனியாக ஒரு ஸ்டூலில். நாற்காலிகூட இல்லை, மாமனாருக்கு அது கண்ணில் பட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் கம்பி பேசவில்லை. மாப்பிள்ளை கிதாரின் வயிற்றில் விரல் முட்டியால் தட்டினார். இரண்டு தட்டு. ஒரு இடைவெளி. ஒரு தட்டு. அப்புறம்தான் மழை.

இடையில் எங்கெல்லாம் பாட்டு மூச்சு வாங்கியதோ, அங்கெல்லாம் அந்தத் தட்டு வந்தது. முதலில் சொதசொதவென்று, கிதாரின் அடிப்பக்கத்தில். போகப் போக மேலே ஏறி, கடைசியில் கழுத்துக்குப் பக்கத்தில் இறுகிக் கேட்டது: டிங், டிங்... டிங். அதோடு முடிந்தது.

கண்ணாடி அறையில் அம்மாள் மைக்கை அழுத்தினார்.

“நான் எழுதினதுல தட்டு கிடையாதே. எங்கேருந்து வந்துச்சு?”

“எங்க மாமாகிட்டேருந்து வந்துச்சும்மா. வேணாம்னா எடுத்துடறேன்.”

“எடுத்தா உங்களை எடுத்துடுவேன். இருக்கட்டும். அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை எப்பன்னு வெளிய கேட்டுக்குங்க.” பிறகு மாமனாரிடம் திரும்பினார். “நீங்களும் வாசிப்பீங்களா?”

மாமனாருக்கு எதையாவது தட்டியாக வேண்டும்போல இருந்தது. கைகளை மடியில் கோத்து இறுக்கி வைத்துக்கொண்டார். “இல்லம்மா. நான் பல்லு.”

வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. ஸ்டோர் சிநேகிதர்.

“என்னப்பா, திங்கட்கிழமை உங்க மாப்பிள்ளை வர்றார்ல? நாற்காலியைத் துடைச்சு வச்சிருக்கேன்.”

“வரமாட்டார்ப்பா. மன்னிச்சுக்க.”

“ஏன்? வேலை இல்லாம இருக்கார்னு நீதானே சொன்னே?”

மாமனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வானம் வெளுத்திருந்தது. மழையைப் பற்றிப் பேச வழியில்லை.

“தப்பா சொல்லிட்டேன். அவருக்கு ஒரு வேலை இல்ல, ஏழெட்டு இருக்கு. இப்ப என்னையும் ஒண்ணுல சேர்த்து விட்டுட்டார்.” சொல்லிவிட்டு, சிநேகிதர் என்ன ஏதென்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ரொட்டி தயாராக இருந்தது. மாப்பிள்ளை பசி தாங்காமல் ஜாம் பாட்டிலுக்குக் கையை நீட்டினார். மாமனார் பாய்ந்து பிடுங்கினார்.

“வைங்க மாப்ளே! ஒட்டினது இன்னும் இறுகியிருக்காது.”

தானே திருகினார். வரவில்லை. துணி போட்டுத் திருகினார். மூட்டு சுள்ளென்றது. மூடியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், இரண்டு, பிறகு ஒன்று. மாப்பிள்ளை அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்களும் பாட்டிலை மேசை நடுவில் வைத்துவிட்டுக் கைகளை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாட்டிலை அக்குளில் இடுக்கினாள்.

“இத்தனை நாளும் ஒருத்தருக்கு” என்றாள். “இப்ப ரெண்டு பேரா?”

ஒரு திருகு. திறந்தது.

மாமனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.